பத்தாவது இழையின் நிறம்

2003ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணிக்குப் பெரம்பலூர் வெங்கடேசபுரத்து வாடகை வீட்டில் சாகிரா தன் மகளை மூன்றாம் முறையாக அதட்டினாள்.

“அஸ்ரின், ஊதாப் பாவாடை கொடியில காயுது பாரு. எடுத்துக் கட்டிக்கிட்டுக் கெளம்பு. இன்னைக்கு நான் லேட்டாப் போனா வேலையே போயிரும்.”

“போன வாரமும் இப்படித்தாம்மா சொன்னே. வேலை அப்படியேதான் இருக்கு” என்று சொல்லிக்கொண்டே, பத்தாம் வகுப்பில் படிக்கும் அஸ்ரின் பாவாடையை உதறினாள்.

சென்ற வாரம் சொன்னது பேச்சுக்குச் சொன்னது. அன்று சொன்னது அவ்வாறன்று. சாகிரா தொலைபேசித் துறையில் தொழில்நுட்ப உதவியாளராக உயர்வு பெற்று இரண்டாண்டு நிறைய இன்னும் ஒரு மாதமே இருந்தது. அந்த இரண்டாண்டும் தகுதிகாண் பருவம். அதற்குள் பெருந்தவறு ஒன்று அவள் பெயரில் ஏறிவிட்டால் பழைய பதவிக்கே இறக்கிவிடுவார்கள். பழைய பதவியோ இப்போது இல்லாத ஒன்று. 1988இல் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பலகையில் கயிறு செருகி, “லைன்ல இருங்க” என்று ஊர்களை இணைத்த ஆபரேட்டர்களுள் ஒருத்தி. அந்தப் பலகைகளையெல்லாம் கழற்றியாயிற்று. இறக்கப்பட்டவர்களை எங்கே ஆள் குறைகிறதோ அங்கே அனுப்பினார்கள். கடைசியாக அனுப்பப்பட்டவள் இராமநாதபுரத்தில் இருந்தாள். சாகிராவின் கணவர் கவுஸ் வளைகுடாவில், தம்மாமில் வேலை பார்த்தார். மகளுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த நிலையில் ஊர் மாறுவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமன்று.

அன்று பதினொரு மணிக்கு, பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடிய தொலைபேசிப் பேச்சு முழுவதையும், புதிதாகப் பதித்த கண்ணாடி இழைக் கேபிளுக்கு மாற்ற இருந்தார்கள். அக்கேபிளின் இரு முனைகளும் புதியதொரு விதித்தொகுப்பின்படி பொருத்தப்பட்டவை. அவ்விதிகளின் தமிழ் வடிவத்தை எழுதியவள் சாகிரா.

அந்த விதிகள் பிறந்த வரலாற்றில் அவளுக்கும் பங்கு உண்டு. தலைமயிர் அளவே தடிமனான கண்ணாடி இழைகள் பன்னிரண்டு ஒரு கேபிளுக்குள் இருக்கும். எது எந்த இழை என்று தெரிவதற்காக ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஆனால், எந்த நிறம் முதலாவது என்பதில் அந்நாளில் ஒழுங்கு இல்லை. ஒரு தொழிற்சாலையின் கேபிளில் முதல் இழை சிவப்பு, இன்னொன்றில் நீலம், வேறொன்றில் பச்சை. 1998ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கல்லங்குறிச்சிச் சாலையில் கேபிள் அறுந்தபோது, இடையில் வேறு தொழிற்சாலையின் துண்டு ஒன்றைப் போட்டு ஒட்டினார்கள். ஒரு முனையில் வேலை செய்தவர் சிவப்போடு சிவப்பைச் சேர்த்தார்; மறுமுனையில் இருந்தவர் முதலாவதோடு முதலாவதைச் சேர்த்தார். இரண்டு தாலுகாக்கள் ஒன்பது மணி நேரம் ஊமையாயின. அந்த ஒன்பது மணி நேரமும் பலகையில் உட்கார்ந்து வசவு வாங்கியவள் சாகிரா. மறுவாரம், எல்லாக் கேபிளுக்கும் ஒரே நிற வரிசையும், எல்லா முனைக்கும் ஒரே பொருத்தும் முறையும் வேண்டும் என்று பதினொரு பக்கத்தில் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினாள்.

கடிதம் எங்கெங்கோ சுற்றித் திருச்சியில் கூடிய குழு ஒன்றின் கோப்பில் சேர்ந்தது. குழுவினர் அவளை இருமுறை அழைத்துக் கேட்டார்கள். நான்காண்டுகளில் வரைவு விதிகள் ஆங்கிலத்தில் உருவாயின. பெரம்பலூர் – அரியலூர்த் தடத்தில் அவற்றைச் சோதித்துப் பார்த்து, சரியாக வந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் விரிப்பது என்று முடிவாயிற்று. ஆனால், முனைகளைப் பொருத்தும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் தெரியாது.

“ஏம்மா, நீங்கதான் பி.ஏ. தமிழாச்சே. நீங்களே எழுதிடுங்க” என்றார் கோட்டப் பொறியாளர் பாலசுந்தரம்.

தொழிலாளர்களிடம் முன்பே ஓர் அட்டை இருந்தது. அதில் ஆங்கில வரைவைப் பார்த்து யாரோ தமிழ் எழுத்தில் ‘புளூ, ஆரஞ்சு, கிரீன், பிரவுன், சிலேட்டு’ என்று தொடங்கி, பத்தாவதாக ‘வயலட்’ என்று எழுதியிருந்தார்கள். சாகிராவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தமிழில் எழுதினால் தமிழாக எழுத வேண்டும் என்பது அவள் கட்சி. ‘இணைப்பு பெட்டி’ என்று இருந்ததை ‘இணைப்புப் பெட்டி’ ஆக்கினாள். விடுபட்ட ஒற்றுகள் மட்டும் நாற்பத்து மூன்று. நிறங்களையும் பாடநூலில் உள்ளபடி திருத்தினாள். முதலாவது நீலம், இரண்டாவது செம்மஞ்சள், இப்படியே சென்று, வானவில் பாடத்தில் படித்த முறையில் பத்தாவது ஊதா.

ஜூன் மாதம் அரியலூரில் ஆறு தொழிலாளர்களுக்கு அவளே தாளை மட்டும் வைத்துப் பயிற்சி அளித்தாள். அவர்களுள் மூத்தவர் உடையார்பாளையத்து வீரமுத்து. முந்திரிக்காட்டு வேலையை விட்டுக் கேபிள் வேலைக்கு வந்தவர். ஆறு ஆண்டுகளாகச் சிவப்பு முதலாவதாக வரும் கேபிளிலேயே பழகிய கை.

“அண்ணே, பழைய வரிசையை மறந்துடுங்க” என்றாள் சாகிரா. “மனப்பாடம் வேணாம். தாளுல என்ன இருக்கோ அதுதான் சட்டம்.”

“சரிங்க மேடம். வூட்டுல அவ சொல்றதையே எதிர்த்துப் பேசாமக் கேக்குறேன். தாளு சொன்னாக் கேக்க மாட்டனா?” என்றார் வீரமுத்து. எல்லாரும் சிரித்தார்கள். சாகிராவும் சிரித்தாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பேச்சை மாற்றினார்கள். அரியலூர் பேசவில்லை.

பெரம்பலூர் நிலையத்தில் எண்ணிட்ட பன்னிரண்டு துளைகள் கொண்ட பெட்டியின் முன்னே சாகிரா நின்றிருந்தாள். முதல் துளையிலிருந்து ஒளி சென்றுகொண்டிருந்தது. அரியலூரில் முதல் துளைக்கு அது வந்து சேரவில்லை. முந்தைய நாள் அளவுக்கருவியை வைத்துப் பன்னிரண்டு இழைகளையும் அவளே சோதித்திருந்தாள். ஒரு முனையிலிருந்து ஒளியை அனுப்பி, உள்ளிருந்து திரும்பி வருவதை அளக்கும் கருவி அது. இழை கடைசிவரை முழுதாக இருக்கிறதா என்பதை அது சொல்லும். மறுமுனையில் எந்தத் துளையில் போய் நிற்கிறது என்பதைச் சொல்லாது. பன்னிரண்டும் முழுதாகவே இருந்தன.

மீதம் வைத்திருந்த ஒற்றைச் செப்புக் கம்பியில் பாலசுந்தரம் அரியலூரைப் பிடித்தார். “முதல் இழை எங்கய்யா? … என்னது, வெச்சிருக்கியா? வெச்சா வெளிச்சம் எங்க?” ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு சாகிராவைப் பார்த்தார். “ஆஸ்பத்திரி, தாசில்தார் ஆபீஸ் எல்லாம் செத்துக் கெடக்கு. பழைய லைனை மறுபடியும் இழுக்க அஞ்சு மணி நேரமாவது ஆவும். கெளம்புங்க.”

ஜீப்பு முக்கால் மணி நேரத்தில் அரியலூரை அடைந்தது. வழியில் பாலசுந்தரம் ஒரே ஒரு முறைதான் பேசினார். “அந்த வீரமுத்துவ இனிமே இந்தக் கோட்டத்துல எந்த ஒப்பந்தக்காரனும் சேத்துக்கக் கூடாது. இன்னைக்கே எழுதிடறேன்.”

நிலையத்துக்குள் வீரமுத்து வியர்த்துப்போய் நின்றிருந்தார். பாலசுந்தரம் செப்புக் கம்பித் தொலைபேசியை நோக்கி வெளி அறைக்கு ஓடினார். சாகிரா பெட்டியைத் திறந்தாள். பொருத்தியிருந்த நேர்த்தியைக் கண்டு அவளுக்கே வியப்பாக இருந்தது. ஓர் இழைகூட வளையக்கூடாத அளவுக்கு வளையவில்லை. முதல் துளைக்கு வந்த இழையைப் பார்த்தாள். 

“அண்ணே, முதலாவது என்ன நிறம்?”

வீரமுத்து மேசைமேல் இருந்த தாளை எடுத்து விரலை வைத்தார். “நீலம்னு போட்டிருக்குங்க.”

“இந்தக் கேபிள் மீதித் துண்டுல நீலத்தை எடுத்துக் காட்டுங்க.”

அவர் தயங்காமல் ஓர் இழையைப் பிரித்தெடுத்தார். அது கத்தரிப்பூ நிறம்.

“இதா நீலம்?”

“ஆமாங்க. வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுறோமே, கையில பட்டா இப்படித்தான இருக்கும்?”

“அப்ப பத்தாவது, ஊதா?”

அவர் அடுத்த இழையை எடுத்தார். தெளிந்த வானத்தின் நிறம். “இது ஊதா இல்லாம வேற என்னங்க மேடம்? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாவாடைகூட ஊதாத்தான?”

 கொடியில் காய்ந்த பாவாடை சாகிராவின் கண்ணுக்கு முன்னால் வந்தது. காலையில் அதை ஊதா என்றவளும் அவளே. தாளில் வேறு நிறத்துக்கு ஊதா என்று எழுதியவளும் அவளே. பெரம்பலூர் முனையை அவள் ஆங்கில மூலத்தைப் பார்த்துப் பொருத்தினாள். அரியலூர் முனையை வீரமுத்து அவளுடைய தமிழைப் பார்த்துப் பொருத்தினார். ஒன்றும் பத்தும் இடம் மாறிவிட்டன.

அவ்விரு துளைகளில் செருகியிருந்த இரண்டு மஞ்சள் இணைப்புக் கயிறுகளைக் கழற்றி மாற்றிச் செருகினாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வெளி அறையில் பாலசுந்தரத்தின் குரல் உயர்ந்தது. “வந்துருச்சு! அரியலூர் வந்துருச்சு!”

மணி ஒன்று நாற்பது. இரண்டு மணி நாற்பது நிமிடம் ஓர் ஊர் பேச்சற்றுக் கிடந்திருக்கிறது.

சாகிரா நடந்ததைப் பாலசுந்தரத்திடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

“இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்ல சார்.”

“சொல்லாதீங்க. திங்கக்கிழமை திருச்சியில கூட்டம். தமிழ்த் தாளு தப்புன்னு சொன்னா, விதியே தப்புன்னு தூக்கிப் போட்டுருவாங்க. நாலு வருஷம் நீங்கதானம்மா அலைஞ்சீங்க? உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கி. நெனச்சுப் பாருங்க.” அவர் அறிக்கைப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதி, அவள் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடுங்க.”

“நாளைக்குப் போடுறேன் சார்.”

வெளியே வீரமுத்து கருவிகளைத் துணிப்பையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தார். உள்ளே பேசியது அவர் காதில் விழுந்ததோ இல்லையோ, தலையை நிமிர்த்தவில்லை.

“மேடம், தாளுல இருந்தபடிதான செஞ்சேன்?” என்று மட்டும் கேட்டார்.

சாகிரா பதில் சொல்லாமல் ஜீப்பில் ஏறினாள். அந்த ஒரு செயலை நினைத்து அவள் பின்னர்ப் பல முறை வெட்கப்பட்டதுண்டு.

வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடவில்லை. சனிக்கிழமையும் போடவில்லை. வெள்ளியன்று ஜும்ஆ தொழுகை முடிந்து தம்மாமிலிருந்து கவுஸ் பேசியபோது எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்க, சாகிரா. அப்புறம் அந்த ஆளுக்கு நம்ம லெப்பைக்குடிக்காட்டு ஆளுங்ககிட்டச் சொல்லி எங்கயாவது ஒரு வேலை பாத்துக் குடுப்போம்.”

“செய்யாத தப்பை அவரு பேருல எழுதிப்புட்டா, மச்சான்?”

 “அப்ப உன் பேருல எழுதிட்டு இராமநாதபுரம் போவியா?” என்றார் கவுஸ். கோபமில்லை, பயம்தான். அவளுக்கும் அதே பயம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு காரியம் செய்தாள். மீதித் துண்டிலிருந்து எடுத்த இரண்டு இழைகளை ஓர் அட்டையில் அருகருகே ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கினாள். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. “இதுல ஊதா எது?” என்று மட்டும் கேட்டாள். குரும்பலூரிலிருந்து கீரை கொண்டுவரும் பொன்னுத்தாய், “ஏன், கண்ணு தெரியலியா?” என்று கேட்டுவிட்டு வான நிறத்தைத் தொட்டாள். எதிர்வீட்டு வங்கிக்காரர் கத்தரிப்பூ நிறத்தைத் தொட்டார். மளிகைக் கடையில் இருவர் ஆளுக்கொன்றைத் தொட்டு ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றார்கள். இருபது பேரைக் கேட்டதில், பதின்மூவர் ஒரு பக்கம், எழுவர் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து அஸ்ரினிடம் நீட்டினாள்.

“இதென்ன கேள்வி? பாவாடை ஊதா. அந்த இன்னொண்ணு வயலட்” என்றாள் மகள்.

“வயலட்டுக்குத் தமிழ்ல என்ன?”

அஸ்ரின் யோசித்தாள். “பாடத்துல ஊதான்னு வரும்” என்றவள், தான் சொன்னது தனக்கே உறைக்க, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாகிராவுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை திருச்சியில் நீண்ட மேசையைச் சுற்றி அதிகாரிகள் ஆறு பேர் இருந்தார்கள். கடைசி நாற்காலியில் சாகிரா. அவளுக்கு அடுத்துப் பாலசுந்தரம். குழுத் தலைவர் அறிக்கையைப் புரட்டினார்.

“காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. சரி. சோதித்தவர் கையெழுத்து இல்லையே?”

பாலசுந்தரம் தொண்டையைச் செருமினார். “போட்டுடுவாங்க சார்.” மேசைக்கடியில் பேனா ஒன்று சாகிராவின் கையை வந்து தொட்டது.

பேனாவை வாங்கினாள். ஒரு பேனாவின் கனம் அவ்வளவு இருக்கும் என்று அதற்கு முன் அவளுக்குத் தெரியாது. பெயரின் முதலெழுத்து, ஒரு சுழி, ஒரு கோடு, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதன் பிறகு வீரமுத்து திரும்பவும் முந்திரிக்காட்டுக்குப் போவார். அவள் பெரம்பலூரிலேயே இருப்பாள். தாள் மற்ற மாவட்டங்களுக்கெல்லாம் போகும். போன இடத்திலெல்லாம் தாளை நம்புகிற ஒரு வீரமுத்து இருப்பார்.

பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். 

“சார், கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாங்களா? இந்த அட்டையில ஊதா எது?”

தலைவர் எரிச்சலோடு அட்டையை வாங்கி, வான நிறத்தைத் தட்டிவிட்டு அடுத்தவரிடம் தள்ளினார். அடுத்தவரும் அதையே தட்டினார். மூன்றாமவரான சென்னைக்காரர், “இதுதானே ஊதா?” என்று கத்தரிப்பூ நிறத்தைக் காட்டினார்.

“அது எப்படிங்க? எங்க ஊர்ல இதான் ஊதா” என்றார் தலைவர்.

“அப்ப நீலம்னா எதுங்க?” என்றார் சென்னைக்காரர்.

“நீலம்னா… நீலம்.” தலைவர் நிறுத்திக்கொண்டார். அட்டை மேசையைச் சுற்றி முடிந்தபோது நால்வர் ஒரு பக்கமும் இருவர் ஒரு பக்கமுமாக இருந்தார்கள். சற்று முன்புவரை மின்விசிறியின் ஓசை கேட்டுக்கொண்டிருந்த அறையில் இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தலைவர் கையை உயர்த்தினார். “தமிழ்த் தாளை எழுதினது யாரு?”

“நான்தான் சார்.”

“சரிபாத்தது?”

“அதுவும் நான்தான். தொழிலாளிங்க அட்டையில புளூ, வயலட்னு சரியாத்தான் எழுதி வெச்சிருந்தாங்க. தமிழ் இல்லைன்னு நான்தான் மாத்தினேன். வீரமுத்து தாளுல இருந்தபடி செஞ்சார். கவனக்குறைவு என்னுது.”

“இதை நான் நடவடிக்கைக் குறிப்புல எழுதணும். தெரியுமா?”

“எழுதுங்க சார்.”

அவர் எழுதினார். பாலசுந்தரம் அறிக்கையைத் தம் பக்கம் இழுத்து, தாம் எழுதிய வரியைத் தாமே அடித்தார்.

விதிகளைத் தள்ளிவிடவில்லை. இரண்டு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள். முதலாவது, ஒரு முனையில் ஒளியை அனுப்பி, மறுமுனையில் அதே எண்ணுள்ள துளையில் அதை அளந்து பார்த்த பிறகே பேச்சை மாற்ற வேண்டும். இரண்டாவது சாகிரா கேட்டது. பட்டியலில் நிறத்தின் பெயரை எழுத வேண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரில் அந்த இழையிலேயே ஒரு துண்டை ஒட்டிவிட வேண்டும்.

அவளைப் பற்றிய முடிவு வர நாற்பத்தொரு நாள் ஆயிற்று. தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிக்கப்பட்டது. பதவி இறக்கம் இல்லை. உறையைப் பிரித்துப் படித்த அன்று முற்பகலிலேயே அவள் அரியலூருக்குப் பஸ் ஏறினாள். வீரமுத்து ஒரு பள்ளத்தின் ஓரத்தில் அமர்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லாமப் போயிட்டேன்.”

“எதுங்க மேடம்?”

“தாளுல இருந்தபடிதான் செஞ்சீங்க. தாளுதான் தப்பு.”

வீரமுத்து கையில் எடுத்த கவளத்தைக் கீழே வைத்தார். “அது எனக்கு அன்னைக்கே தெரியுங்க” என்றார். “நீங்க சொல்லுவீங்களான்னுதான் தெரியல.”

அரியலூர் மீண்டும் தனி மாவட்டமான 2007ஆம் ஆண்டின் இறுதியில், புதிய அலுவலகங்களுக்குக் கேபிள் இழுக்கும் வேலையில் வீரமுத்து தலைமையில் எட்டுப் பேர் இருந்தார்கள். முனையைச் சோதிக்க வந்த சாகிரா படியேறும்போதே உள்ளே அவர் குரல் கேட்டது. செயங்கொண்டத்திலிருந்து புதிதாக வந்த இருவருக்கு அவர் பட்டியலை விளக்கிக்கொண்டிருந்தார்.

“பத்தாவது பாத்தியளா? பேரு கெடையாது, இழை மட்டுந்தான். அதுக்குப் பேரு வெச்சுப்புட்டு ஊரையே ரெண்டரை மணி நேரம் வாயடைக்க வெச்ச ஊதா மேடம் இப்ப வருவாங்க. முன்னாடி சிரிச்சு வெக்காதீங்க.”

“பின்னாடி சிரிக்கலாமா அண்ணே?” என்று கேட்டபடியே சாகிரா நுழைந்தாள்.

புதியவர்கள் பதறி எழுந்தார்கள். வீரமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பட்டியலை வாங்கி, பன்னிரண்டு துண்டுகளையும் நகத்தால் மெல்ல நெருடிப் பார்த்தாள். பத்தாவதைச் சற்றுக் கூடுதலாக. பசை நன்றாகப் பிடித்திருந்தது. பிறகு பெரம்பலூரை அழைத்து, முதல் துளையில் ஒளியை அனுப்பச் சொன்னாள்.